குற்றாலத்தில் மீட்டிங் வைக்கச் சொன்னால்

ஜூன் பிறந்தால் தென்காசி வட்டாரத்து மெடிக்கல் ரெப்புகளுக்கு இரண்டு காரியம் சேர்ந்து வரும். காலாண்டு குளோசிங் ஒன்று, குற்றாலம் சீசன் இன்னொன்று. மெயினருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்த வாரமே மேனேஜரின் போன் வந்துவிடும். "நாலு டாக்டரை ஃபேமிலியோட வரச் சொல்லுப்பா. ஐந்தருவிப் பக்கம் காட்டேஜ் எடு, ராத்திரி பார்டர் புரோட்டா கடையில சாப்பாடு, நடுவுல அரை மணி நேரம் நம்ம ப்ராடக்ட் பத்திப் பேசிடலாம். பில்லை உன் கிளெய்ம்ல போட்டுக்கோ."

கடைசி வரியை மட்டும் மறுபடி படியுங்கள். உங்கள் கிளெய்மில், உங்கள் கையெழுத்தில், டூர் செலவு என்ற தலைப்பில் அந்தப் பணம் போகப் போகிறது. நாளைக்கு ஆடிட்டரோ வருமான வரிக்காரரோ கேட்டால், மேனேஜர் போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

எலும்பு முறிவுக்கான பிளேட், ஸ்டென்ட், கண் லென்ஸ், காதுக் கருவி, லேப் மெஷின் விற்கும் கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் சேரப் போகிறவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். மாத்திரை விற்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். சாதனக் கம்பெனியிடமிருந்து டாக்டருக்குப் போகும் பணம் எல்லாமே தவறு என்று நினைக்க வேண்டாம். சிலது உழைப்புக்கு நியாயமான கூலி. எது கூலி, எது கவர் என்று பிரிக்கத் தெரிந்த ரெப்தான் இந்தத் தொழிலில் பத்து வருஷம் நிம்மதியாக ஓட்ட முடியும். மும்பையில் உட்கார்ந்திருக்கும் சட்டப் பிரிவு உங்களுக்காகப் பிரித்துத் தராது.

பணம் எங்கிருந்து வருகிறது

2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஸ்டென்டுக்கு உச்ச விலை வைத்தது. அதற்கு முன் மருந்து பூசிய ஸ்டென்டின் சராசரி எம்.ஆர்.பி. 1,21,000 ரூபாய்க்கு மேல். ஒரே நாளில் அது 29,600 ஆனது. மருந்து பூசாத வெறும் உலோக ஸ்டென்ட் 45,000 ரூபாய் அளவிலிருந்து 7,260க்கு இறங்கியது. விலையை இவ்வளவு வெட்டிய பிறகும் நாட்டில் ஸ்டென்ட் விற்பனை நிற்கவில்லை. அப்படியானால் வெட்டுப்பட்டது என்ன? கம்பெனி கேட்டுக்கு வெளியே, ஸ்டாக்கிஸ்ட்டில் தொடங்கி ஆஸ்பத்திரி வரை அடுக்கடுக்காக ஏறியிருந்த லாபம். சில இடங்களில் அது 600 சதவீதத்தைத் தாண்டியதாக ஆணையத்தின் கணக்கே சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டு மாற்று சாதனத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு, வரி நீங்கலாக, 54,720 ரூபாய்.

உங்கள் பையில் இருக்கும் பெரும்பாலான பொருளுக்கு இப்படி உச்ச விலை கிடையாது. கை கால் முறிவுக்கு வைக்கும் பிளேட், நெய்ல், ஸ்க்ரூ எல்லாம் இந்த வகைதான். எம்.ஆர்.பி.யை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே எம்.ஆர்.பி.யை உயர்த்தி அச்சடித்துவிட்டால் அந்த விதி யாரையும் உறுத்தாது. ஆஸ்பத்திரி வாங்கும் ரேட்டுக்கும் நோயாளி கட்டும் எம்.ஆர்.பி.க்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் கட், கமிஷன், ஆக்டிவிட்டி, கமிட்மென்ட் என்று பல பெயரில் நீங்கள் கேள்விப்படும் அத்தனையும் இருக்கிறது. பாவூர்சத்திரத்தில் பீடி சுற்றும் ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தால், அவர் பில்லில் அந்த இடைவெளி முழுசாக ஏறும். இதைப் புரிந்துகொண்டு வேலைக்குப் போங்கள். "கம்பெனி காசு, நமக்கென்ன" என்று சொல்லுகிற சீனியர் தப்புக் கணக்குச் சொல்கிறார்.

எது கூலி, எது கவர்

எந்தப் பணத்தையும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இதற்கு எதிரே ஒரு வேலை இருக்கிறதா? அந்த டாக்டர் நம் பொருளில் ஒன்றைக்கூடப் பயன்படுத்தாவிட்டாலும் இதே தொகையைக் கொடுப்போமா? இந்தக் காகிதத்தை நோயாளியின் மகனிடம் கூச்சமில்லாமல் காட்ட முடியுமா?

ஒரு சர்ஜன் புதிய நெய்ல் போடும் முறையை இளைய டாக்டர்களுக்கு ஒரு நாள் முழுக்கக் கற்றுத் தருகிறார். முன்கூட்டியே எழுத்து ஒப்பந்தம், நேரத்துக்கு ஏற்ற தொகை, வரி பிடித்தம், கம்பெனிக் கணக்கிலிருந்து அவர் வங்கிக் கணக்குக்கு நேரடி மாற்றம். இது கூலி. அதே சர்ஜனுக்கு மாதம் எத்தனை கேஸ் போட்டார் என்று எண்ணி, கேஸுக்கு இவ்வளவு என்று நீங்கள் ஏ.டி.எம்.மில் எடுத்துக் கொடுத்தால் அது கவர். மேலே 'ஹொனரேரியம்' என்று எழுதினாலும் கவர்தான். எக்செல் ஷீட்டில் ஒரு பக்கம் டாக்டர் பெயர், அடுத்த கட்டத்தில் இன்வெஸ்ட்மென்ட், அதற்கடுத்து ரிட்டர்ன் என்று போட்டு யாராவது உங்களுக்கு அனுப்பினால், அந்த ஷீட்டே மூன்று கேள்விக்கும் பதில்.

குழப்பம் வருவது நடுவில் உள்ள கேஸ்களில். கடையநல்லூரிலோ சங்கரன்கோவிலிலோ ஒரு சின்ன ஆஸ்பத்திரி லேபுக்கு அனலைசர் மெஷினைக் காசு வாங்காமல் வைத்துவிட்டு, அதற்கான ரீஏஜென்டை மட்டும் விற்பது தொழிலில் சகஜம். ரீஏஜென்ட் ரென்டல் என்பார்கள். மெஷின் யாருடையது, எத்தனை வருஷம், மாதம் குறைந்தது எவ்வளவு வாங்க வேண்டும், பழுதானால் யார் பொறுப்பு என்று ஆஸ்பத்திரி பெயரில் ஒப்பந்தம் இருந்தால் அது வியாபாரம். மெஷினோடு சேர்த்து டாக்டரின் கன்சல்டிங் ரூமுக்கு ஏ.சி., வீட்டுக்கு இன்வெர்ட்டர் என்று ஒன்று கூடினால், அந்த ஏ.சி. ஒப்பந்தத்தில் எங்கேயும் இருக்காது. அங்கே நில்லுங்கள். டெமோ பீஸும் இப்படித்தான். பரிசோதித்துப் பார்க்கக் கொடுத்த கருவிக்குத் தேதி போட்ட சலான் வேண்டும், திரும்பி வந்ததற்கும் வேண்டும். திரும்பாத டெமோ பீஸ் அன்பளிப்புதான்.

திருநெல்வேலியிலிருந்து வாரம் ஒரு நாள் வந்து தென்காசியில் ஆபரேஷன் செய்துவிட்டுப் போகும் சர்ஜன் விஷயத்தில் இன்னும் கவனம். பொருளை வாங்குவது ஆஸ்பத்திரி, எந்தப் பொருள் என்று சொல்வது சர்ஜன். வாங்குகிறவருக்கு பில்லில் தள்ளுபடி கொடுக்கலாம். சொல்கிறவருக்குத் தனியாகக் கொடுப்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் நேரடியாகத் தடுக்கும் கமிஷன்.

அந்த விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் அதில் ஒரு பகுதியைச் சேர்த்தது. மருந்து நிறுவனங்களிடமிருந்தும் அவற்றைச் சார்ந்த மருத்துவத் தொழில்களிடமிருந்தும் டாக்டர் பரிசு, பயணம், விடுதி, ரொக்கம் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். சாதனக் கம்பெனிகளும் அதற்குள் வந்துவிடுகின்றன. குடும்பத்துக்கும் சேர்த்தே தடை. 2016 பிப்ரவரியில் தண்டனையும் எழுதினார்கள்: பரிசு 1,000 ரூபாயைத் தாண்டி 5,000 வரை என்றால் கண்டனம், 10,000 வரை என்றால் பதிவேட்டிலிருந்து மூன்று மாதம் நீக்கம், 50,000 வரை ஆறு மாதம், ஒரு லட்சம் வரை ஓராண்டு, அதற்கு மேல் ஓராண்டுக்கும் கூடுதல். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்து அதே மாதத்தில் நிறுத்தி வைத்ததால், பழைய விதிகளே மறுபடி நடைமுறைக்கு வந்தன. தென்காசியில் புதிதாக போர்டு மாட்டும் இளம் டாக்டர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது. சீசனில் இரண்டு ரூம், இரண்டு ராத்திரி என்றாலே எந்தப் படிக்கு ஏறுவோம் என்று கணக்குப் போட அதிக நேரம் ஆகாது.

சென்னை வழக்கு ஒன்று

"வாங்குவதுதானே தப்பு, கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லையே" என்று இன்றும் சில மேனேஜர்கள் பேசுகிறார்கள். இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய்த் தோற்றது சென்னையைச் சேர்ந்த ஒரு நிறுவனம்தான். அபெக்ஸ் லேபரட்டரீஸ், ஜிங்கோவிட் என்ற சத்து மாத்திரையைப் பரப்ப டாக்டர்களுக்குத் தங்கக் காசு, எல்.சி.டி. டி.வி., ஃபிரிட்ஜ், லேப்டாப் கொடுத்து, கருத்தரங்குச் செலவையும் சேர்த்து 2010-11 மதிப்பீட்டு ஆண்டில் சுமார் 4 கோடியே 72 லட்சம் ரூபாயை வியாபாரச் செலவாகக் காட்டியது. விதி டாக்டரைத்தான் கட்டுப்படுத்தும், எங்களை அல்ல என்பது அவர்கள் வாதம். சென்னை உயர் நீதிமன்றத்திலும் தோல்வி. 2022 பிப்ரவரி 22 அன்று நீதிபதிகள் யு.யு. லலித்தும் எஸ். ரவீந்திர பட்டும் அந்த வாசலை மூடிவிட்டார்கள். வாங்குவது தடை செய்யப்பட்டது என்றால், கொடுப்பதை நியாயமான வியாபாரச் செலவாகக் கழிக்க முடியாது. இலவசம் என்று சொல்லப்படும் பொருளின் விலை கடைசியில் மருந்தின் விலையிலேயே ஏறுகிறது என்பதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது.

அதே ஆண்டு ஜூலை முதல் வரிச் சட்டத்தில் இன்னொரு கண்ணியும் வந்தது. தொழில் சம்பந்தமாக ஒருவருக்குக் கொடுக்கும் சலுகை ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் கொடுப்பவர் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். டாக்டருக்குப் போகும் இலவச சாம்பிளையே வரித் துறை உதாரணமாக எழுதியிருக்கிறது. இதனால் நடந்த ஒரு மாற்றத்தைக் களத்தில் இருப்பவர்கள் கவனித்திருப்பார்கள். கம்பெனிக் கணக்கில் டாக்டர் பெயரில் எழுதினால் மாட்டும் என்பதால், செலவு ரெப்பின் பெயருக்கு நகர்கிறது. உங்கள் சம்பளக் கணக்குக்கு 'அட்வான்ஸ்' வரும், நீங்கள் எடுத்துக் கொடுப்பீர்கள், பெட்ரோல் பில்லாகக் காட்டுவீர்கள். பில் இல்லாத பணம் உங்கள் வருமானமாகவே கணக்கில் ஏறலாம். பொய் பில் போட்டவரும் நீங்கள்தான். இருபத்தைந்தாயிரம் சம்பளத்துக்கு இந்தச் சுமை அதிகம்.

மத்திய மருந்தியல் துறை 2024 மார்ச்சில் மருந்துக் கம்பெனிகளுக்கும், செப்டம்பரில் சாதனக் கம்பெனிகளுக்கும் தனித்தனியே விற்பனை நடத்தை விதித்தொகுப்பு வெளியிட்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அச்சு. பேச்சாளராக வராத டாக்டருக்குப் பயணமோ தங்கும் வசதியோ கிடையாது, வெளிநாட்டில் கருத்தரங்கு நடத்தக் கூடாது, ரொக்கம் கூடாது. ரிசார்ட்டில் தங்க வைக்கக் கூடாது என்றுகூட மருந்துத் தொகுப்பில் தனியாக எழுதியிருக்கிறார்கள். குற்றாலத்தைப் பார்த்துவிட்டு எழுதினார்களோ என்னவோ. ரெப்புக்கென்றே ஒரு வரி இருக்கிறது: டாக்டரைச் சந்திக்க எந்தப் பெயரிலும் பணம் கொடுக்கக் கூடாது, ரெப்பின் நடத்தைக்குக் கம்பெனியே பொறுப்பு. 2024 டிசம்பரில் மருந்துத் தொகுப்பின் கீழ் அப்வி ஹெல்த்கேர் இந்தியா கண்டிக்கப்பட்டது. 30 டாக்டர்களை மொனாக்கோவுக்கும் பாரிஸுக்கும் அனுப்ப ஏறத்தாழ 1 கோடியே 91 லட்சம் செலவழித்த விவகாரம்.

கண்டனத்தோடு முடிந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தத் தொகுப்பு சட்டம் கிடையாது. புகாரை விசாரிக்கும் குழு கம்பெனிகளின் சங்கத்துக்குள்ளேயே இருக்கிறது. ரெப்புகளின் அகில இந்தியக் கூட்டமைப்பே இதுபோன்ற விதிகளைச் சட்டமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் போனது. சட்டமாக்கிய நாடும் உண்டு. அமெரிக்காவில் 2007இல் இடுப்பு, முழங்கால் மூட்டு சாதனம் செய்யும் ஜிம்மர், டிபியூ, பயோமெட், ஸ்மித் அண்ட் நெஃப்யூ ஆகிய நான்கும், ஆலோசனைக் கட்டணம் என்ற பெயரில் சர்ஜன்களை வளைத்த குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 31 கோடியே 10 லட்சம் டாலர் கட்டின. மூன்றாண்டு கழித்து, எந்த டாக்டருக்கு எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்பதைப் பொதுவில் வைக்கும் சட்டமே அங்கு வந்துவிட்டது. நோயாளி தன் டாக்டரின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். இங்கே அப்படி ஒன்று இல்லாததால் விதி மென்மையானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனிக்குக் கண்டனம் வரும். ரெப்புக்கு வேலை போகும்.

அரசு டாக்டர் என்றால் கணக்கே வேறு

தென்காசி மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் காலையில் பார்த்த டாக்டரை மாலையில் அவருடைய சொந்த கிளினிக்கில் பார்ப்பீர்கள். தமிழ்நாட்டில் பணி நேரத்துக்கு வெளியே அரசு டாக்டர்கள் பிராக்டீஸ் செய்யத் தடையில்லை. "கிளினிக்கில்தானே கொடுத்தேன்" என்று ரெப்புகள் நினைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் ஆனதும் அவர் பொது ஊழியர் இல்லாமல் போய்விடுவதில்லை. நீங்கள் கொடுத்தது காலை நேரத்து முடிவுக்காகத்தான் என்று சொல்ல ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும்.

ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தினார்கள். அதற்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும், சொன்னால் தப்பிக்கலாம். தமிழ்நாட்டில் அது லஞ்ச ஒழிப்புத் துறை. அரசு மருத்துவமனைக்கு மருந்தும் கருவியும் பெரும்பாலும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் டெண்டர் வழியாக வருபவை. வார்டில் ஒருவரைக் 'கவனித்து' ஆர்டர் வாங்கிவிடலாம் என்று சொல்கிற மேனேஜருக்கு முறையே தெரியவில்லை என்று அர்த்தம்.

போனுக்கு என்ன பதில்

முறைத்துக்கொண்டு வேலையை விடச் சொல்லவில்லை. முதல் போனுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், மீட்டிங் வைக்கலாம். டாக்டர்கள் சங்கக் கிளை பேர்ல லெட்டர் வாங்கிடறேன். ஹால் வாடகையைக் கம்பெனியிலேர்ந்து நேரா கட்டிடுங்க. பேச வர்ற டாக்டருக்கு அக்ரிமென்ட் போட்டுக்கலாம். ஃபேமிலி ரூம் மட்டும் என் கிளெய்ம்ல வேண்டாம் சார். போட்டே ஆகணும்னா ஒரு மெயில் அனுப்பிடுங்க." மெயில் என்ற சொல்லைக் கேட்டதும் பாதி யோசனைகள் அங்கேயே கலைந்துவிடும். கலையாமல் மெயில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். அன்று இரவே நீங்களும் ஒரு வரி எழுதுங்கள்: "இன்று போனில் சொன்னது குறித்து, நடத்தை விதிப்படி இதற்கு அனுமதி உண்டா என்று தெரிவிக்கவும்."

டாக்டரே கேட்டால் பதில் வேறு. "தம்பி, மச்சான் குடும்பம் சீசனுக்கு வருது, ரெண்டு ரூம் பாத்து வையேன்." பார்த்து வைக்கலாம். "பாத்துட்டேன் சார், ரூம்காரர் நம்பர் அனுப்பியிருக்கேன், நீங்க பேசிக்கோங்க." ஊர்க்காரர் என்ற முறையில் செய்யும் உதவி அது. பணம் கட்டாத வரையில் யாரும் குறை சொல்ல முடியாது. பெரும்பாலான டாக்டர்கள் அதற்கு மேல் கேட்பதும் இல்லை. மேனேஜர்கள் நினைக்கிற அளவுக்கு டாக்டர்கள் கைநீட்டுவதில்லை என்பது என் எண்ணம். கேட்காதவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்துப் பழக்கியதில் கம்பெனிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பணம் இல்லாமல் டார்கெட் எப்படி முடியும்? சின்ன ஊரில் இருக்கும் வசதி இங்கேதான் கைகொடுக்கிறது. திருநெல்வேலி ரோட்டில் ராத்திரி விபத்து; தொடை எலும்பு முறிந்து ஒருவர் வந்து சேர்கிறார். சர்ஜனுக்கு அப்போது தேவை முழு செட். எல்லா நீளத்திலும் நெய்ல், பூட்டும் ஸ்க்ரூக்களில் இரண்டு மூன்று அளவு கூடுதலாக, சார்ஜ் ஏறிய டிரில் பேட்டரி, தேயாத ஸ்க்ரூ டிரைவர் முனை. ஆட்டோகிளேவில் வைக்க நேரம் வேண்டும் என்பதால் ஆபரேஷனுக்குப் பல மணி நேரம் முன்பே டிரே ஓ.டி.க்குள் போயிருக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூ அளவு குறைந்து, நோயாளி டேபிளில் இருக்கும்போது சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க நேர்ந்தால், அந்தக் கம்பெனியை அவர் எந்தக் கவருக்காகவும் மறுபடி கூப்பிட மாட்டார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போனை எடுத்து, கேட்ட அளவோடு வந்து நிற்பவர் நம்பர் ஊரிலுள்ள அத்தனை ஓ.டி. நர்ஸிடமும் இருக்கும். அந்த நர்ஸ்களுக்கு டிரேயை எப்படி அடுக்குவது, எந்த முனை எதற்கு என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுங்கள். அடுத்த கேஸில் பலன் தெரியும்.

கேஸ் முடிந்ததும் இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே போனதற்கும் பில்லில் வந்ததற்கும் அது ஒன்றே சாட்சி. பயன்படுத்தாத பொருளின் ஸ்டிக்கரை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

சேருவதற்கு முன்

இன்டர்வியூவில் சம்பளம், பேட்டா, வண்டிப் படி கேட்பதோடு இதையும் கேளுங்கள்: "டாக்டர் ஆக்டிவிட்டி பணம் எந்தக் கணக்கு வழியா போகும் சார்?" கம்பெனிக் கணக்கிலிருந்து நேரடியாக என்று உடனே பதில் வந்தால் நல்லது. எதிரே இருப்பவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் ஃபீல்டுக்கு வந்தா தெரியும்" என்றால் உங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நியமனக் கடிதத்தில் நடத்தை விதி பற்றிய பத்தி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். ஏதாவது ஆனால் ரெப் தன்னிச்சையாகச் செய்தார் என்று கைகழுவ அது கம்பெனிக்கு உதவும். "இது விதிக்கு ஒத்து வராது" என்று நீங்கள் எழுதும் மெயிலிலும் அதே பத்தியின் எண்ணைப் போடலாம். கடிதத்தின் ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். ஆபீஸ் மெயிலில் மட்டும் இருந்தால், வேலை போன அன்றே மெயிலும் போய்விடும்.